தோள்வாரிலிருந்து விழுந்த கேமரா: சந்தக்பூ–ஃபாலுட் நடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதத்தின் நடுவில், டார்ஜிலிங் மலைகளில் சந்தக்பூவிலிருந்து ஃபாலுட்டுக்குச் செல்லும் 21 கிலோமீட்டர் மலைமுகட்டுப் பாதையில், என் முதுகுப்பையின் இடது தோள்வாரில் பொருத்தியிருந்த ஆக்‌ஷன் கேமரா கழன்று விழுந்தது. காது மூடிய கம்பளிக் குல்லாயோடு எதிர்க்காற்றில் நடந்துகொண்டிருந்த எனக்கு அது விழுந்த ஓசை கேட்கவில்லை. பின்னால் வழிகாட்டியோடு மெதுவாக வந்துகொண்டிருந்த நண்பர் அதைப் புல்லில் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தபோதும் கேமராவின் சிவப்பு விளக்கு அணையாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. விழுவதற்கு முந்தைய 14 நிமிடங்களும், விழுந்த பின் புல்லில் கிடந்த 21 நிமிடங்களும் ஒரே பதிவாக மெமரி கார்டில் இருந்தன.

கோயம்புத்தூருக்குத் திரும்பியதும் அந்தப் பதிவைப் பத்துப் பதினைந்து முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். கிளிப் பலவீனமானது, அதனால் கழன்றது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதிவு வேறு கதை சொன்னது. கிளிப்பின் மீது இருந்த குற்றத்தைவிட அதைப் பொருத்திய என் மீது இருந்த குற்றம் கூடுதல் என்பதையும், படம் ஆடாமல் தெரிகிறது என்ற ஒரே காரணத்தால் பொருத்தமும் உறுதியாக இருக்கிறது என்று நான்கு நாட்கள் நம்பியிருந்ததே விழுந்ததற்கு அடிப்படை என்பதையும் அது காட்டியது.

பாதையைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். சிங்காலிலா மலைமுகடு மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்துக்கும் நேபாளத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. மானேபஞ்சனில் நடக்கத் தொடங்கி, டும்லிங், காலிபோக்ரி ஆகிய ஊர்களில் இரவு தங்கி, மூன்றாம் நாள் 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவை அடைந்தோம். அது மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம். நான்காம் நாள் நடை முகட்டின் மேலேயே செல்கிறது. பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை, மரங்களும் குறைவு, வடக்கே கஞ்சன்ஜங்காத் தொடரும் வடமேற்கே எவரெஸ்ட் தொடரும் தெரிந்துகொண்டே இருக்கும். படம் எடுக்க இதைவிடச் சிறந்த நாள் கிடைக்காது என்று அன்று காலை கேமராவை வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடவிட்டேன். ஆய்வுக்கு ஏதோ கிடைத்ததென்றால் அந்த ஆசையால்தான் கிடைத்தது.

என் பை 55 லிட்டர் கொள்ளளவு கொண்டது; தண்ணீரோடு சேர்த்து 12 கிலோ இருந்தது. கேமராவின் எடை 155 கிராம் அளவு. அதைத் தாங்கியது சுருள்வில் வைத்த தாடைக் கிளிப். துணி காயப்போடும் கிளிப்பின் பெரிய வடிவம் என்று சொல்லலாம். கிளிப்பின் தலை சுற்றிலும் திரும்பும். அதன்மேல் ஒரு மூட்டுத் துண்டு, அதன் மேல் கேமரா. கேமராவையும் துண்டுகளையும் இணைப்பது, கோப்ரோ நிறுவனம் பரவலாக்கிய, இன்று பல நிறுவனங்கள் பின்பற்றும் இரு விரல்–மூன்று விரல் இணைப்பு. ஒன்றின் இரண்டு விரல்கள் மற்றதன் மூன்று விரல்களுக்கு இடையில் நுழைய, குறுக்கே ஒரு திருகு அவற்றை நெருக்கிப் பிடிக்கும். பற்சக்கரம் போன்ற பிடிப்பு எதுவும் அதில் இல்லை. கோணத்தை நிறுத்தி வைத்திருப்பது விரல்களுக்கு இடையிலான உராய்வு மட்டுமே.

மூட்டுத் துண்டை ஏன் சேர்த்தேன் என்று நண்பர் கேட்டார். முதல் நாள் எடுத்த படங்களில் பெரும்பகுதி வானமாக இருந்ததுதான் காரணம். தோள்வார் மார்பின் மேல்பகுதியில் செங்குத்தாக நிற்பதில்லை. தோளிலிருந்து முன்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஆகவே அதன் மேல் தட்டையாக ஒட்டிவைத்த கேமரா எதிரே பார்க்காமல் அண்ணாந்து பார்க்கிறது. இடது வாரில் வைத்தால் சற்று இடப்பக்கமும் திரும்பிக்கொள்கிறது. ஏறும்போது உடல் முன்னால் சாய்வதால் இந்தக் குறை ஓரளவு தானாகவே சரியாகும். இறங்கும்போது உடல் பின்னால் சாய்வதால் இரு மடங்காகும். இதைச் சரிசெய்ய 25 முதல் 30 பாகை வரை கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது. மூட்டுத் துண்டு அந்தச் சாய்வைத் தந்தது. கூடவே கேமராவை வாரிலிருந்து கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் தள்ளியும் நிறுத்தியது.

அந்த 9 சென்டிமீட்டரின் விலையை அன்று நான் கணக்கிடவில்லை. 155 கிராம் என்பது கையில் பிடித்தால் ஒன்றுமில்லாத எடை. வாரிலிருந்து தள்ளி, கிளிப்புக்கு மேலே நிற்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கிளிப்பைத் திருகிப் பார்க்கும் நெம்புகோல். 21 கிலோமீட்டர் நடைக்கு ஏறத்தாழ 30,000 அடிகள் வைக்கிறோம். அடி வைத்த நொடியில் உடல் நிற்கிறது, கேமரா சற்றுத் தாமதித்து நிற்கிறது. அந்தத் தாமதம் முழுவதையும் மூன்று மூட்டுகளின் உராய்வு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி பதிவுக்கு வருகிறேன். தொடக்கத்தில் கஞ்சன்ஜங்கா வலது மேல்மூலையில் தெளிவாக நிற்கிறது. ஆறாம் நிமிடத்தில் நான் நின்று, இடுப்புப் பட்டையையும் நெஞ்சு வாரையும் அவிழ்த்து, பையை இறக்கி, உள்ளே போட்டிருந்த இறகுக் குளிராடையைக் கழற்றி மடித்து வைத்து, மறுபடியும் பையை மாட்டிக்கொள்கிறேன். சந்தக்பூவில் காலையில் புறப்படும்போது தரையில் உறைபனி இருந்தது. ஒரு மணி நேரம் நடந்ததும் வேர்க்கத் தொடங்கிவிட்டது. மலையில் நடப்பவர் எல்லோரும் தினமும் செய்கிற காரியம் இது. அதன் பிறகு 7 நிமிடங்களுக்குப் படத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அடிவானம் மட்டமாக இருக்கிறது, ஆட்டமும் இல்லை. 13ஆம் நிமிடம் கடந்து 20 நொடிகளில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அடிவானம் இடப்பக்கம் சரியத் தொடங்குகிறது. 40 நொடிகள் கழித்து ஒரு குலுக்கல், வானம், என் முழங்கை, பிறகு புல்.

7 நிமிடங்கள் அசையாமல் இருந்த கேமரா ஒரே நொடியில் தளர்ந்தது எப்படி என்பதுதான் என்னை முதலில் குழப்பியது. விடை படத்தின் மூலையில் இருந்தது. என் தோள்வாரை இறுக்கும் நைலான் நாடாவின் தொங்கும் நுனி, அகலமான லென்ஸின் பார்வையில் வலது கீழ்மூலையில் எப்போதும் கொஞ்சம் தெரியும். ஆறாம் நிமிடத்துக்கு முன் அது மூலையை ஒட்டி நிற்கிறது. பையை மீண்டும் மாட்டிய பிறகு ஒவ்வொரு நிமிடமும் சிறிது சிறிதாகச் சுழன்று உள்ளே வருகிறது. 13ஆம் நிமிடத்தில் அது ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கிறது. அதாவது கேமரா 7 நிமிடங்களும் திரும்பிக்கொண்டேதான் இருந்தது. அடிவானத்தை மட்டமாக வைக்கும் வசதியை நான் இயக்கி வைத்திருந்தேன். கேமராவுக்குள் இருக்கும் சுழற்சி உணரி சாய்வை அளந்து சொல்ல, மென்பொருள் படத்தை எதிர்த்திசையில் திருப்பி வெட்டி நேராக்கிக்கொண்டே வந்தது. இந்த வசதிக்கு ஓர் எல்லைக் கோணம் உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய நொடியில்தான் சரிவு முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது பார்ப்பதற்கு யாரும் இல்லை. கேமராவின் திரை எனக்கு முன்னால் இல்லையே.

படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் மென்பொருள் கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மேம்பட்டிருக்கிறது. 2018இல் வந்த ஹீரோ 7 பிளாக் கேமராவில் கோப்ரோ அதற்கு ஹைப்பர்ஸ்மூத் என்று பெயரிட்டது. பிறகு வந்த கேமராக்களில் அடிவானத்தை மட்டமாக வைக்கும் வசதியும் சேர்ந்தது. நடைப்பயணிக்கு இவை பெரிய வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவை பொருத்தத்தின் தளர்வையும் சேர்த்தே மறைக்கின்றன. ஒவ்வோர் இரவும் தங்குமிடத்தில் அன்றைய படங்களைக் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்து, ஆடாமல் இருக்கிறது, பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று திருப்தியோடு படுத்தவன் நான். இந்த வசதிகள் இல்லாத பழைய கேமராவாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே படம் கோணலாகி என்னை எச்சரித்திருக்கும்.

அடுத்த கேள்வி, ஆறாம் நிமிடத்தில் என்ன மாறியது என்பது. குளிராடை உள்ளே இருக்கும்போது தோள்வார் ஒரு வடிவில் வளைந்திருக்கிறது; கழற்றிய பின் அதே வார் மார்பை ஒட்டிப் படிகிறது, நாடாவை இழுத்து இறுக்க வேண்டியிருக்கிறது. கிளிப் வாரின் ஓரத்தைக் கவ்வியிருந்தது. அந்த ஓரத்துக்குள் இருப்பது நுரைப்பஞ்சு. எடை அழுத்தும்போது தட்டையாகி, பையை இறக்கியதும் மீண்டும் பருக்கிறது. தோளில் பை இருக்கும்போது பிடித்த பிடிப்பு வேறு, பையைக் கழற்றி மாட்டிய பிறகு இருக்கும் பிடிப்பு வேறு. அசையாத ஒன்றின் மீது பொருத்தியதாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் மூச்சு விடும் ஒன்றின் மீது பொருத்தியிருந்தேன்.

இதில் என் நேரடியான பிழை ஒன்றும் உண்டு. 10 மில்லிமீட்டர் தடிமன் வரை பிடிக்கும் என்று கிளிப்பின் உறையிலேயே அச்சிட்டிருந்தது. என் வாரின் ஓரம் அழுத்தாதபோது 13 மில்லிமீட்டர். இழுத்தால் வாய் திறக்கிறதே, கவ்வுகிறதே என்று மாட்டிவிட்டேன். தாடைக் கிளிப்பின் அச்சு பின்னால் இருப்பதால், அளவுக்கு மேல் திறந்தால் இரண்டு தாடைகளும் இணையாக நிற்பதில்லை. நுனி அகன்று, உட்புறம் குறுகி, வெளியே விரிந்த ஆப்பு வடிவமாகிறது. அப்போது சுருள்வில் எவ்வளவு பலமாக அழுத்தினாலும், அந்த அழுத்தத்தின் ஒரு பகுதி கவ்விய பொருளை வெளியே தள்ளுகிறது. நனைந்த புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் அது பாய்ந்து ஓடுவதைப் போன்றதே இது. காலை மூடுபனியில் வாரின் துணியும் நனைந்துதான் இருந்தது.

விழ வைத்த கடைசி அசைவு மிகச் சாதாரணமானது. தளர்ந்த இடுப்புப் பட்டையை இறுக்குவதற்காகத் தோள்களைத் தூக்கிப் பையை ஒரு குலுக்குக் குலுக்கினேன். 12 கிலோ ஒரு கணம் மேலே எழும்பியது, தோள்வாரின் மேல் இருந்த எடை நீங்கியது, நுரைப்பஞ்சு பருத்தது, கிளிப் வெளியேறியது.

குளிரின் பங்கையும் ஆராய்ந்தேன். விரல் இணைப்பின் திருகைத் தங்குமிடத்தின் அடுப்பருகில் அமர்ந்து முறுக்கிவிட்டு, உறைபனியில் வெளியே வந்திருந்தேன். குளிரில் பிளாஸ்டிக் எஃகைவிடப் பல மடங்கு சுருங்கும். சூட்டில் இறுக்கிய திருகு குளிரில் சற்று இளகியிருக்கும். ஆனால் பதிவில் திரும்பியது கிளிப்பின் தலைப்பகுதியே தவிர விரல் இணைப்பு அன்று. எனவே இதைத் துணைக்காரணம் என்று மட்டுமே கொள்கிறேன். அப்படியிருந்தும் அன்றிலிருந்து திருகை வெளியே வந்த பிறகுதான் முறுக்குகிறேன்.

ஃபாலுட்டில் அன்று மாலை, இருந்த பொருட்களை வைத்தே பொருத்தத்தை மாற்ற வேண்டியிருந்தது. அங்கு வந்திருந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் பழைய டியூபிலிருந்து உள்ளங்கை அளவு ரப்பர் வெட்டிக் கொடுத்தார். என் தோள்வாரின் முகப்பில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நைலான் நாடா ஒன்று, இடைவெளி விட்டுக் குறுக்குத் தையல் போட்டுத் தைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர்க் குழாயைச் செருகவோ எதையாவது தொங்கவிடவோ வைத்த கண்ணிகள் அவை. நாடா மெல்லியது, நுரைப்பஞ்சைப் போல அமுங்குவதில்லை, தையல் இருபுறமும் தடுப்பதால் மேலும் கீழும் நகரவும் முடியாது. ரப்பரை மடித்துச் சுற்றி நாடாவைக் கவ்வ வைத்தபோது தடிமன் 6 மில்லிமீட்டர் அளவே வந்தது. தாடைகள் இணையாக நின்றன. மூட்டுத் துண்டை எடுத்துவிட்டுக் கேமராவைத் தலைகீழாக நேரே கிளிப்பில் மாட்டினேன். தலைகீழாக மாட்டினால் படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்ளும். எடை கிளிப்புக்குக் கீழே வந்துவிட்டதால், தளர்ந்தாலும் கவிழப் பார்க்காமல் கடிகார ஊசல் போலத் தொங்கும் நிலைக்கே திரும்பப் பார்க்கும். வாரிலிருந்து விலகிய தூரமும் 4 சென்டிமீட்டராகக் குறைந்தது.

பிறகு காப்புக்கயிறு. கூடாரத்துக்காக வைத்திருந்த மெல்லிய கயிற்றில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு முனையைக் கேமராவின் சட்டத்திலும் மறுமுனையைத் தோள்வாரின் தைத்த கண்ணியிலும் முடிந்தேன். நெஞ்சு வாரில் கட்டக்கூடாது. அது ஒவ்வொரு முறை பையை இறக்கும்போதும் அவிழ்கிற ஒன்று. கயிறு நீளமாக இருந்தாலும் பயனில்லை. விழுந்த கேமரா முழங்கால் வரை ஊசலாடிப் பாறையில் மோதும். இந்தக் கயிறு முதல் நாளே இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள் ஃபாலுட்டிலிருந்து கோர்க்கேவுக்கு 15 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,200 மீட்டர் இறக்கம். புதிய பொருத்தம் முழுநாளும் நகரவில்லை. நாடாவின் நுனி படத்தில் அதே மூலையில் அதே கோணத்தில் இருந்தது. ஆனால் முகட்டின் வெயிலை விட்டுக் காட்டுக்குள் இறங்கியதும் படம் குழம்பியது. மரநிழலில் வெளிச்சம் குறைய, கேமரா ஷட்டரைத் தானாகவே நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் ஓர் அடி விழுந்தால் அந்தச் சட்டகமே (ஃபிரேம்) இழுபட்டுப் பதிகிறது. மென்பொருள் சட்டகங்களை வரிசைப்படுத்தி நேராக்கலாம். ஒரு சட்டகத்துக்குள்ளேயே கரைந்துபோன இலையை மீட்க அதனால் முடியாது. மதியத்துக்கு மேல் ஷட்டரை நொடியில் 240இல் ஒரு பங்கு என்று நிலைநிறுத்தினேன். படத்தில் புள்ளிகள் கூடின, இலைகள் இலைகளாகத் தெரிந்தன. எனக்கு அது ஏற்புடைய பேரம்.

கேமராவை மாட்டக்கூடிய மற்ற இடங்களையும் இந்த நடையில் சோதித்தேன். தலைப்பட்டையில் வைத்த கேமரா, கால் வைக்குமிடம் பார்க்க நான் குனியும் ஒவ்வொரு முறையும் என்னோடு சேர்ந்து குனிந்தது. மலைப்பாதையில் கண் பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறது. மார்புக்கவசம் போன்ற கச்சு, பையின் நெஞ்சு வாரோடு மோதியது. ஏற்றத்தில் மூச்சையும் அழுத்தியது. இடுப்புப் பட்டைதான் பையின் மிக உறுதியான இடம், ஆனால் அங்கிருந்து பார்த்தால் வீசும் கைகளும் கோல்களும் மட்டுமே தெரிகின்றன. நடைக்கோலில் கட்டியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எல்லைப் பாதையாதலால் வழியில் நேபாள எல்லையைக் காக்கும் சசஸ்திர சீமா பல் படையினரின் சோதனைச் சாவடிகள் உண்டு. அங்கே அடையாள அட்டையைக் காட்டுவதற்கு முன் கேமராவை அணைப்பது போதாது, அணைந்திருப்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும். காலிபோக்ரியில் தேநீர் தந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் என் தோளையே பார்த்துக்கொண்டு பேசினார். அதன் பிறகு கேமராவுக்குத் துணியில் ஒரு சிறு குல்லாய் தைத்து வைத்திருக்கிறேன். ஊருக்குள் நுழையும்போது மாட்டிவிடுவேன். தோளில் நிரந்தரமாகப் பொருத்திய கேமராவுக்கு இது கயிறு அளவுக்கே அவசியம் என்பது என் கருத்து.

ஊர் திரும்பிய பின் சுருள்வில் கிளிப்பை விட்டுவிட்டேன். இப்போது பயன்படுத்துவது இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையில் வாரை வைத்துத் திருகுகளால் முடுக்கும் வகை. பெரிய கேமராக்களைத் தோள்வாரில் தாங்குவதற்காக பீக் டிசைன் நிறுவனம் 2011இல் கேப்சர் என்ற பெயரில் கொண்டுவந்த அமைப்பைப் போன்றது. சுருள்வில் வாரை ஓர் அளவில் நிறுத்தி வைப்பதில்லை, வார் பருத்தால் அதோடு சேர்ந்து விரிந்து கொடுக்கும். திருகுத் தகடு வாரைத் தன் அளவுக்கு அமுக்கி வைத்துவிடுகிறது, பையை இறக்கினாலும் பருக்க விடுவதில்லை. எடை கூடுதல், மாட்டிக் கழற்றும் நேரமும் கூடுதல்.

அடுத்த ஆண்டு இமாச்சலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய் நடைக்கு இதையே கொண்டுபோனேன். 4,270 மீட்டர் உயரக் கணவாய், ஐந்து நாட்கள். அடிவானத்தை மட்டமாக வைக்கும் வசதியை நிறுத்தியே வைத்திருந்தேன். ஊருக்கு வந்த பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம். இரவில் படத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, பகலில் ஒவ்வொரு ஓய்விலும் கேமராவை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்த்தேன். ஐந்து நாட்களில் இரண்டு முறை முடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் காலையில், புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள், குளிராடையைக் கழற்றிவிட்டுப் பையை மீண்டும் மாட்டிய உடனே.